கொரியாவின் ஹேயின்சா கோயிலில் உள்ள 13-ஆம் நூற்றாண்டு மரப்பலகைகள் ஏசி இல்லாமல் எப்படிக் கெடாமல் இருக்கின்றன?

'பறவைகூட உட்காராத கூரை' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோவைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் போல. கூரையை விடுங்கள். சூட்சுமம் சன்னலிலும் பலகையின் ஓரத்திலும் இருக்கிறது.

கயா மலையில் அந்தக் கோயில் எழுந்தது 802-இல். பலகைகள் பிறகு வந்தவை. முதல் தொகுதியை 1232-இல் மங்கோலியர் எரித்துவிட, 1236 முதல் 1251 வரை மறுபடி செதுக்கினார்கள், இந்தக் கோயிலுக்கு வந்தது 1398-இல். பௌத்த மறைநூல் தொகுப்பான திரிபிடகம் முழுவதும், 81 ஆயிரத்துக்கு மேல் பலகைகள். அச்செடுக்க என்பதால் எழுத்து இடவலம் மாறியிருக்கும்: பக்கத்துக்கு 23 வரி, வரிக்கு 14 எழுத்து. மரம் பிர்ச் என்றே வெகுகாலம் எழுதினார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலும் காட்டுச் செர்ரி, அடுத்துக் காட்டுப் பேரி. இன்னும் பிர்ச் என்றே காப்பியடிப்பவர்களை என்ன சொல்ல!

ஒரு பலகை சுமார் 70 செ.மீ. நீளம், 24 செ.மீ. அகலம், மூன்று கிலோவுக்கு மேல் எடை. இரண்டு முனையிலும் பலகையைவிடத் தடித்த கட்டை பொருத்தி, மூலையில் உலோகத் தகடு அடித்திருப்பார்கள். பலகை கோணாது. அதைவிட முக்கியம், புத்தகம்போல் நிறுத்தி அடுக்கினால் முனைக்கட்டைகள்தான் ஒன்றையொன்று தொடும். எழுத்தும் எழுத்தும் உரசாது, நடுவில் காற்று ஓடும்.

மண்டபம் 15-ஆம் நூற்றாண்டினது. முன்சுவரில் கீழ்ச் சன்னல் பெரிது, மேலே சிறிது; பின்சுவரில் நேர்மாறு. பள்ளத்தாக்குக் காற்று தாழ நுழைந்து, அலமாரிகளைச் சுற்றி, பின்னால் உயரத்தில் வெளியேறும். களிமண், கரி, உப்பு, சுண்ணாம்பு சேர்த்து இறுக்கிய தரை ஈரத்தை வாங்கி, வறட்சியில் திருப்பிக் கொடுக்கும்.

'கடல்நீரில் ஊறவைத்ததால்தான்' என்று சண்டைக்கு வருவார்கள், தெரியும். மூன்றாண்டு ஊறப்போட்டு, உப்புநீரில் அவித்து, நிழலில் உலர்த்தினார்கள் என்பது வழிவழியாகச் சொல்வது. வெடிப்பு குறையும், பூச்சி அண்டாது, மறுக்கவில்லை. ஆனால் புழுங்கும் அறையில் வைத்தால் அந்த மரமும் பூசணம் பிடிக்கும்.

அதிர்ஷ்டமும் உண்டு. 1817 தீ கோயிலில் பலவற்றை விழுங்கியும் இந்த மண்டபங்களைத் தொடவில்லை. கொரியப் போரில், 1951-இல், இங்கே குண்டுபோடச் சொன்ன உத்தரவை விமானி கிம் யங்-ஹ்வான் மீறினார்.

1970-களில் இவற்றுக்கென்றே நவீன கான்கிரீட் கட்டடம் கட்டினார்கள். சோதனைக்கு வைத்த பலகைகளில் பூசணம் பூத்ததும் பேசாமல் பழைய மண்டபத்துக்கே கொண்டுபோய்விட்டார்கள்.