வெளிநாட்டு நன்கொடைக்கு எந்த கேட்வே? முதலில் பாஸ்போர்ட்டைக் கேளுங்கள்

முக்கூடல் பக்கம், பீடி சுற்றும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் ஒரு டிரஸ்ட்டின் பொருளாளர் கேட்டிருக்கிறார்: துபாய், தோஹா, சிங்கப்பூர், நியூ ஜெர்சி என்று ஊர்க்காரர்கள் பரவிக் கிடக்கிறார்கள், எல்லாரும் ஏதாவது அனுப்பத் தயார், ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் கேட்வேக்களில் ரேசர்பேயா, பேபாலா, ஸ்ட்ரைப்பா, எதில் கமிஷன் குறைவு? எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இன்னும் எடுக்கவில்லை, அது இல்லாமல் முடியுமா?

அண்ணாச்சி, கமிஷனை அப்புறம் பார்ப்போம். அனுப்புகிறவர் கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கிறது, அதைச் சொல்லுங்கள் முதலில்.

பணம் எந்த ஊரிலிருந்து வருகிறது என்பதை வைத்து எஃப்சிஆர்ஏ சட்டம் கணக்குப் போடுவதில்லை, கொடுப்பவர் எந்த நாட்டுக் குடிமகன் என்றுதான் பார்க்கிறது. துபாயில் எத்தனை வருஷம் இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து பேங்க் வழியாகக் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடையே இல்லை. சிங்கப்பூரில் குடியுரிமை இல்லாமல் பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) மட்டும் வாங்கியவரும் அப்படித்தான். ஆனால் அமெரிக்கக் குடியுரிமை வாங்கி ஓசிஐ கார்டு (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கான அட்டை) வைத்திருக்கும் உங்கள் நியூ ஜெர்சிக்காரர், ஆனித் தேரோட்டத்துக்கு ஊருக்கு வந்த இடத்தில் நெல்லை டவுனில் நின்றுகொண்டு ரூபாயாகவே எடுத்துக் கொடுத்தாலும் அது வெளிநாட்டுப் பணம்தான். இந்த இடத்தில்தான் நிறைய டிரஸ்ட்டுகள் தெரியாமல் மாட்டிக்கொள்கின்றன.

ஆகவே பணம் தரப்போகிறவர்கள் பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். நம்ம பக்கத்து வளைகுடாக்காரர்களில் அநேகம் பேர் இந்தியப் பாஸ்போர்ட்தான், அவர்களுக்கு இன்டர்நேஷனல் கேட்வே எதுவுமே தேவையில்லை. வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்கள் இங்குள்ள பேங்கில் வைத்திருக்கும் என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கிலிருந்து நெட்பேங்கிங்கில் உங்கள் சாதாரண டிரஸ்ட் கணக்குக்கு அனுப்பலாம். யுபிஐயும் ஆகும், அமீரகம், கத்தார், சவூதி, ஓமன், சிங்கப்பூர், அமெரிக்கா உட்பட 10 நாட்டு மொபைல் எண்களை அந்தக் கணக்குகளோடு இணைத்து யுபிஐ பயன்படுத்த, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ 2023 ஜனவரியில் வழி திறந்துவிட்டது. பேங்க் கொடுக்கும் க்யூஆரில் கமிஷன் தொல்லையும் இல்லை. பாஸ்போர்ட் நகல் ஒன்று வாங்கி ரசீதோடு ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள், உள்துறை அமைச்சகமே அதைத்தான் சொல்கிறது. ஒரு எச்சரிக்கை: அங்கே ஒருத்தர் முன்னின்று எல்லாரிடமும் வசூலித்து மொத்தமாக அனுப்புவது வேண்டாம். அமீரகத்தில் அனுமதி இல்லாமல் நன்கொடை வசூலிப்பது குற்றம், மாட்டுவது பாவம் அந்த மனுஷன்தான்.

இனி வெளிநாட்டுக் குடிமக்கள். இவர்களிடம் எஃப்சிஆர்ஏ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது, எந்த கேட்வே என்ற பேச்சே அதற்கப்புறம்தான். பதிவுக்கு டிரஸ்ட் குறைந்தது 3 வருஷம் நடந்திருக்க வேண்டும், கடைசி 3 நிதியாண்டில் சேவைக்கென்று ₹15 லட்சமாவது செலவு செய்திருக்க வேண்டும். அந்த அளவு இல்லையென்றால் முன் அனுமதி என்று ஒரு வழி உண்டு, குறிப்பிட்ட நன்கொடையாளர், குறிப்பிட்ட வேலை, குறிப்பிட்ட தொகை, அவ்வளவுக்கு மட்டும். 'எஃப்சிஆர்ஏ வைத்திருக்கிற பெரிய டிரஸ்ட் ஒன்றில் போட்டு நம்ம பக்கம் திருப்பிவிடச் சொல்லலாமே' என்று யாராவது யோசனை சொல்வார்கள். 2020 திருத்தத்தோடு அந்தக் கதவு மூடியாயிற்று, ஒரு அமைப்பு வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கொடுக்கக் கூடாது. வரிவிலக்குக்காக அமெரிக்க அறக்கட்டளை ஒன்றின் வழியாகக் கொடுத்தாலும் உங்களுக்கு வந்து சேரும்போது அது வெளிநாட்டுப் பணம்தான், எஃப்சிஆர்ஏ வேண்டும்.

சரி, பதிவு கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டு நன்கொடை முதலில் வந்து விழ வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: புதுதில்லி சன்சத் மார்க்கில் உள்ள எஸ்பிஐ மெயின் பிராஞ்சில் உங்கள் பெயரில் இருக்கும் எஃப்சிஆர்ஏ கணக்கு. தில்லிக்குப் போக வேண்டியதில்லை, இங்குள்ள எஸ்பிஐ கிளை வழியாகவே விண்ணப்பிக்கலாம். அங்கே வந்தபிறகு பாளையங்கோட்டையில் வேறு பேங்கில் கணக்கு வைத்து மாற்றிக்கொள்ளலாம். அதனால் கேட்வே கம்பெனிக்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'வெளிநாட்டு கார்டில் வரும் பணத்தை நேராக அந்தக் கணக்குக்கு செட்டில் செய்வீர்களா?' என்பது. உள்நாட்டுப் பணம் அந்தக் கணக்கில் கலக்கவே கூடாது, ஆகையால் உள்நாட்டுக்கு ஒன்று, வெளிநாட்டுக்கு ஒன்று என இரண்டு மெர்ச்சன்ட் ஐடி (கேட்வேயில் உங்களுக்கான கணக்கு எண்) வாங்குங்கள், வெப்சைட்டிலும் இரண்டு தனித்தனி பட்டன். நன்கொடைப் படிவத்தில் பெயர், முகவரி, எந்த நாட்டுக் குடிமகன், என்ன காரியத்துக்கு என்ற நான்கும் நிரப்பாமல் பணம் கட்டும் பக்கத்துக்கே போக முடியாதபடி செய்யச் சொல்லுங்கள், வருஷக் கடைசியில் எஃப்சி-4 என்ற வெளிநாட்டு நன்கொடைக் கணக்குப் படிவத்தைத் தாக்கல் செய்யும்போது ஆடிட்டர் உங்களை வாழ்த்துவார்.

நீங்கள் கேட்ட மூன்றில் ஸ்ட்ரைப் இந்தியாவில் 2024-லிருந்து அவர்களே அழைத்தால்தான் புதுக் கணக்கு, அதை விட்டுவிடுங்கள். பேபால் 2021 ஏப்ரலோடு உள்நாட்டுச் சேவையை நிறுத்திவிட்டது. வெளிநாட்டுப் பணத்துக்கு மேலே சொன்ன செட்டில்மென்ட் கேள்விக்கு எழுத்தில் பதில் வந்தால் மட்டும் யோசிக்கலாம். ரேசர்பே மாதிரி இந்திய கேட்வேக்களோடு பேசுவது சுலபம், என் ஓட்டும் அந்தப் பக்கம்தான்.

கமிஷன் கணக்கு இப்படிப் பாருங்கள். வெளிநாட்டு கார்டுக்கு 3% என்று சொன்னால் அதன்மேல் 18% ஜிஎஸ்டி சேர்ந்து 3.54% ஆகும், ₹8,000 வந்தால் ₹283 போய்விடும். போகட்டும், சின்னத் தொகைக்கு அதுதான் வசதி. ஆனால் 2,000 டாலர் தருகிறவரை கார்டு தேய்க்கவிட்டால் 70 டாலருக்கு மேல் கழிந்துவிடும், அவரை அவருடைய பேங்கிலிருந்தே எஸ்பிஐ கணக்குக்கு நேராக வயர் (பேங்க் டு பேங்க் அனுப்புதல்) செய்யச் சொல்லுங்கள், வயருக்குப் பெரும்பாலும் தொகை எவ்வளவானாலும் ஒரே கட்டணம்தான். டாலரை ரூபாயாக மாற்றும் ரேட்டில் கேட்வே எவ்வளவு எடுக்கிறது என்பதையும் தனியாகக் கேளுங்கள், 3% என்று விளம்பரத்தில் போடுகிறவர்கள் இதைத் தானாகச் சொல்ல மாட்டார்கள். எல்லாம் தயாரானதும் நியூ ஜெர்சிக்காரரை 10 டாலர் மட்டும் அனுப்பச் சொல்லி, எந்தக் கணக்கில், எத்தனை நாளில், எவ்வளவு ரூபாயாக விழுகிறது என்று பார்த்த பிறகு லிங்க்கை மற்றவர்களுக்குக் கொடுங்கள்.