அமெரிக்க ஜாஸ் கிளாரினெட் கலைஞர், குழுத் தலைவர் ஆர்ட்டி ஷா பற்றிக் கேளுங்கள்: வந்த கேள்விகளும் என் பதில்களும்

கே: ஸ்விங் கால ஜாஸ் (1930, 40களின் நடன ஜாஸ்) எனக்குப் புதிது. ஷாவை எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

ப: 'பிகின் த பெகீன்'. 1938 ஜூலை 24 அன்று பதிவானது. கோல் போர்ட்டர் 1935 இல் எழுதிய பாட்டு. நீளம் அதிகம், அதனால் பெரிதாக எடுபடவில்லை. ஜெர்ரி கிரே அதை நடனத் தாளத்துக்கு மாற்றி அமைத்தார். ரெக்கார்டு கம்பெனி நம்பியிருந்தது இசைத்தட்டின் மறுபக்கத்தை, ஓடியதோ இது.

அப்புறம் 1940 இன் 'ஸ்டார்டஸ்ட்'. பில்லி பட்டர்ஃபீல்டின் டிரம்பெட் தொடங்கிவைக்கும். ஷாவுக்குக் கிடைப்பது பதினாறு பார் (தாளச் சுற்று) மட்டும்தான். மெல்ல மெல்ல மேலே ஏறி, உச்சி ஸ்வரத்தைத் தொடும்போதும் கிளாரினெட் கீச்சிடாது. அந்த இடத்தை நான் எத்தனை தடவை திருப்பிப் போட்டிருப்பேன் என்று கணக்கில்லை.

ஒரு எச்சரிக்கை: எந்தத் தட்டானாலும் பதிவான ஆண்டைப் பார்த்து வாங்குங்கள்.

கே: பென்னி குட்மனா, ஷாவா?

ப: குட்மனும் அதே காலத்தில் கிளாரினெட் வாசித்துக் குழு நடத்தியவர். அவர் தாளத்தை முன்னே தள்ளிக்கொண்டு போவார். ஷா மெட்டைப் பாடுவார். எனக்கு ஷா.

கே: எத்தனை மனைவிகள்?

ப: எட்டு. ஹாலிவுட் நடிகைகள் லானா டர்னரும் ஏவா கார்ட்னரும் அதில் அடக்கம். அடுத்த கேள்வி.

கே: பில்லி ஹாலிடேவைக் குழுவிலிருந்து ஷா துரத்திவிட்டாராமே?

ப: துரத்தவில்லை. 1938 இல் வெள்ளையர் குழுவில் ஒரு கறுப்பினப் பாடகியைச் சேர்த்து, நிறவெறி தலைவிரித்தாடிய தென் மாநிலங்களுக்கும் கூட்டிப்போனவர் அவர். பில்லிக்கு வேறு கம்பெனியோடு ஒப்பந்தம் இருந்ததால் குழுவோடு அவர் பதிவு செய்தது ஒரே பாட்டு, 'எனி ஓல்ட் டைம்'. அதை எழுதியவர் ஷா. பதிவானதும் பெகீன் பதிவான அதே நாளில். அந்த ஆண்டுக் கடைசியில் நியூயார்க்கின் லிங்கன் ஹோட்டலில், சரக்கு ஏற்றும் லிஃப்டில்தான் வர வேண்டும் என்று பில்லியிடம் சொன்னார்கள். அதற்குப் பிறகு பில்லியே விலகிக்கொண்டார்.

கே (அதே நண்பர்): அப்போதே ஷாவும் ஹோட்டலை விட்டு வெளியேறியிருக்கலாமே?

ப: இருக்கலாம். ஆனால் குழுவின் பெயர் நாடெங்கும் பரவியதே அந்த ஹோட்டலிலிருந்து போன வானொலி ஒலிபரப்பால்தான். இது விளக்கம், சமாதானம் இல்லை. 1939 நவம்பரில் தன் எரிச்சலுக்காக மேடையை விட்டு இறங்கி மெக்சிகோ வரை போனவர், பில்லிக்காக அந்த ஹோட்டல் படியைக்கூட இறங்கவில்லை. அது எனக்கும் உறுத்தல்தான்.

கே (இன்னொருவர்): லிஃப்ட் எல்லாம் கதை. பாட அதிக வாய்ப்பில்லாமல்தான் பில்லி போனார்.

ப: இரண்டும் உண்மை. வானொலி நேரத்தில் அவரை உட்கார வைத்துவிட்டு, குழுவின் வெள்ளையினப் பாடகி ஹெலன் ஃபாரஸ்டைப் பாட வைத்தார்கள். ஒரே நோய்க்கு இரண்டு அறிகுறி. 1944 இல் கறுப்பின டிரம்பெட்காரர் ராய் எல்ட்ரிட்ஜ் குழுவில் சேர்ந்தார். தன் பெயர் எழுதிய பலகையைத் தாண்டி உள்ளே போக முடியாமல் வாசலில் நிறுத்தப்பட்டார். ஷாவுக்கு நல்ல மனசுதான். ஆனால் நல்ல மனசு வாசல் கதவைத் திறந்துவிடாதே!

கே: குட்மன், ஷா: யார் பெரியவர்?

ப: மேலேயே சொல்லிவிட்டேன், படியுங்கள்.

கே: 94 வயது வரை இருந்தவர் ஏன் 1954 லேயே கிளாரினெட்டை மூடி வைத்தார்?

ப: கூட்டம் கேட்டது பெகீன், திரும்பவும் பெகீன். அவருக்கோ நேற்று வாசித்ததை இன்று வாசிக்கப் பிடிக்காது. தன் வாசிப்பில் திருப்தியும் வராது. நிறுத்துவதற்குச் சற்று முன்பு, ஹாங்க் ஜோன்ஸின் பியானோவோடு சிறு குழுவில் பதிவு செய்தவற்றைக் கேளுங்கள். கை தளர்ந்து நிறுத்தியவர் அல்ல என்பது புரியும்.

கே: ஏ.கே.சி. நடராஜன் வாசித்ததும் இதே வாத்தியமா?

ப: கிளாரினெட்தான். கமகம் பற்றியெல்லாம் கர்நாடக இசை தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கே: குட்மனோடு ஒப்பிட்டால் ஷா...

ப: மாட்டேன்.

கே: 38 ஆம் ஆண்டுக் குழுவின் பாட்டுகள் அடங்கிய ஸ்டீரியோ எல்.பி. வாங்கினேன். ஷாவின் கிளாரினெட் என்ன துல்லியம்!

ப: 38 இல் ஏதையா ஸ்டீரியோ? பின்னட்டையைப் பாருங்கள், 1968 என்று இருக்கும். பழைய பாட்டுகளை மறுபடி வாசித்துப் பதிந்தது அது. அதில் வாசிப்பவர் வால்ட் லெவின்ஸ்கி. நன்றாகவே வாசித்திருக்கிறார்.