எவ்வளவு சூட்டைத் தாங்கும் எவர்சில்வர்?

கேள்வி: புதிய எவர்சில்வர் பாத்திரத்தின் அடியில் நீலமும் பொன்னிறமுமாக மயில்கழுத்து நிறம் ஏறிவிட்டது. போலிச் சரக்கா? (வாசகி, தென்காசி)

பதில்: இல்லை. எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணமே அதன் மேல் தானாகப் படியும் குரோமியம் ஆக்சைடுதான். கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலம் சூட்டில் சற்றுத் தடித்து நிறம் காட்டுகிறது. தண்ணீரில் எண்ணெய் மிதந்தால் வானவில் தெரிவதில்லையா, அதுபோலத்தான். பிழிந்த எலுமிச்சை மூடியால் தேயுங்கள். போகாவிட்டாலும் கெடுதல் இல்லை.

கேள்வி: இண்டக்ஷன் அடுப்புக்கு வாங்கிய பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா? (வாசகர், ஈரோடு)

பதில்: ஒட்டாவிட்டால்தான் ஏமாந்திருப்பீர்கள்.

கேள்வி: நானும் கணவரும் சிறு பேக்கரி நடத்திப் பிழைக்கிறோம். விறகு அடுப்பில் தீ நேராகப் படும் இடத்துக்கு 310 என்ற ரக எவர்சில்வர் தகடு கேட்டோம். கடைக்காரர் காந்தத்தை வைத்து, ‘ஒட்டவில்லை பாருங்கள், அசல் 310’ என்றார். அதற்கான கூடுதல் விலையும் வாங்கிக்கொண்டார். ஐந்தே மாதத்தில் தகடு அப்பளம்போல் உரிந்து கொட்டுகிறது. பில்லில் ‘எஸ்.எஸ். தகடு’ என்று மட்டும் இருக்கிறது. (வாசகி, திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: அம்மா, நீங்கள் சரியான பொருளைத்தான் கேட்டிருக்கிறீர்கள். தவறு உங்களுடையது அல்ல.

இந்தக் காந்த வித்தையைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. 310-இல் காந்தம் ஒட்டாது, உண்மை. 304-இலும் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த மலிவான 202-இலும் ஒட்டாது. பிறகு அந்தச் சோதனை எதைத்தான் காட்டியது? கடைக்காரரிடம் ஒரு காந்தம் இருக்கிறது என்பதை.

வித்தியாசம் உள்ளே இருக்கிறது. 304-இல் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் 8. 310-இல் குரோமியம் 25, நிக்கல் 20. விலை ஏறுவதும் அதனால்தான், தீயைத் தாங்குவதும் அதனால்தான். இரவும் பகலும் அணையாத உலையில் 304 சுமார் 925 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். உங்கள் அடுப்போ தினமும் பற்றவைத்து அணைப்பது. சூடாகி ஆறும்போது உலோகம் ஒரு அளவில் சுருங்குகிறது, மேலே படிந்த ஆக்சைடு வேறு அளவில் சுருங்குகிறது. படலம் வெடித்து உதிர, அடியிலுள்ள புது உலோகம் தீயில் படுகிறது. அதனால் அணைத்து அணைத்து எரிக்கும் இடத்தில் 304-இன் எல்லை 870 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். 310 அதே இடத்தில் 1,035 வரை நிற்கும். 202-இன் எல்லை 304-ஐ விடவும் கீழே.

உங்கள் தகடு என்ன என்பதைச் சோதனைதான் சொல்ல வேண்டும். உலோகச் சோதனைக்கூடத்தில் ஒரு துண்டைக் கொடுத்து எழுத்து மூலம் அறிக்கை வாங்குங்கள். மீதித் தகட்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள், அதுதான் சாட்சி. பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். ‘வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோரே இல்லை’ என்று கடைக்காரர் வாதாடக்கூடும். பிழைப்புக்காகத் தாமே சுயதொழில் செய்பவரை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் நுகர்வோராகவே கொள்கிறது. மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

அடுத்த தகடு வாங்கும்போது பில்லில் 310 என்ற எண்ணை எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் படியிறங்கிவிடுங்கள்.

கேள்வி: அடிகனமான கடாயை அடுப்பில் வைத்துவிட்டு போனில் பேசிக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் அடியிலிருந்து வெள்ளியாக ஏதோ சொட்டுகிறது. உத்தரவாதம் உண்டு என்றார்களே, கடையில் மறுக்கிறார்கள். (வாசகர், சென்னை)

பதில்: மறுக்காமல் மாலை போடுவார்களா? எவர்சில்வர் சூட்டை நன்றாகக் கடத்தாது. அலுமினியம் அதைவிடப் பதினைந்து மடங்கு நன்றாகக் கடத்தும். அதனால்தான் அடியில் இரண்டு எவர்சில்வர் தகடுகளுக்கு நடுவே அலுமினியத்தை வைக்கிறார்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். சொட்டியது அதுதான். காலில் விழாமல் போனதே என்று நிம்மதி அடையுங்கள். அந்தக் கடாயை இனி அடுப்பில் ஏற்ற வேண்டாம்.

கேள்வி: புதுப் பாத்திரத்தின் உள்ளே அடியில் சிறு சிறு புள்ளிகளாகக் குழி விழுகிறது. (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: தண்ணீர் கொதித்த பிறகு உப்பைப் போட்டுக் கலக்குங்கள்.

கேள்வி: தெரிந்த பட்டறைக்காரர் ‘உலைக்குப் போடும் எவர்சில்வரில்’ தோசைக்கல் செய்து தருகிறேன் என்கிறார். ஆயுசுக்கும் உழைக்குமாம். வாங்கலாமா? (வாசகர், மதுரை)

பதில்: தோசை ஊற்ற 200 டிகிரியைச் சற்றுத் தாண்டினால் போதும். ஆயிரம் டிகிரி தாங்கும் கல் எதற்கு? இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், இதே வசனத்துக்கு மயங்கி நானும் ஒன்று வாங்கினேன். மூன்று கிலோ. நடுவில் கருகும், ஓரத்தில் வேகாது, தோசை பாதி கல்லோடு வரும். ‘ஆயுசுக்கும் உழைக்கும்’ என்றது பொய்யில்லை. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி காற்றில் பறக்காமல் இருக்க, பதினோரு வருடமாக அதுதான் மேலே உட்கார்ந்திருக்கிறது. இன்றுவரை ஒரு பொட்டுத் துரு இல்லை.