ஹெர்னியா ஆபரேஷன்: பலகையில் ஐந்து பெயர், யாரைப் பார்ப்பது?

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயது. பாபநாசம் பக்கத்தில் விவசாயம். வலது தொடையிடுக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம் எட்டு மாதமாக இருக்கிறது. படுத்தால் உள்ளே போய்விடுகிறது, மூட்டை தூக்கினால் வெளியே வருகிறது. வலி பெரிதாக இல்லை. ஒரு மருத்துவமனையின் ஹெர்னியா மையத்தில் ஐந்து டாக்டர்கள் பெயர் எழுதிய பலகையைக் காட்டி, யாரைப் பார்க்க வேண்டும் என்று எங்களிடமே கேட்டார்கள். அந்தப் பட்டங்கள் எதுவும் எங்களுக்குப் புரியவில்லை. லேப்ராஸ்கோபி நல்லதா, கத்தி வைத்துச் செய்வது நல்லதா? சம்பா அறுப்பு முடியும்வரை தள்ளலாமா?

பதில்: அது ஹெர்னியாதானா, அதாவது வயிற்றுச் சுவரில் விழுந்த ஓட்டை வழியாகக் குடல் பிதுங்குவதுதானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கும்பகோணம் வட்டாரம் யானைக்கால் நோய் பல தலைமுறையாக இருந்த மண். அதனால் விரையில் நீர் கோர்ப்பதும் நம் பக்கத்தில் சகஜம். வீட்டுப் பெரியவர்கள் இரண்டையும் சேர்த்து ‘ஓதம்’ என்று சொல்லிவிடுவார்கள். இரண்டுக்கும் ஆபரேஷன் வேறு.

நல்ல சர்ஜன் இதைக் கண்டுபிடிக்க முதலில் ஸ்கேனைத் தேட மாட்டார். உங்கள் அப்பாவை நிற்க வைத்து, வேட்டியைத் தளர்த்தச் சொல்லி, இடுக்கில் இரண்டு விரலை வைத்து, “இருமுங்க ஐயா” என்பார். ஹெர்னியா என்றால் இருமும்போது வீக்கம் விரலில் வந்து முட்டும். அப்புறம் படுக்கச் சொல்லி மெதுவாக அழுத்துவார். சில சமயம் களக்கென்று ஒரு சத்தத்தோடு குடல் உள்ளே போவது கைக்கே தெரியும். விரைநீர் அப்படிப் போகாது. நிற்க வைத்துப் பார்க்காமல், ஸ்கேன் தாளை மட்டும் புரட்டிவிட்டு ஆபரேஷன் தேதி குறிப்பவரிடம் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ள வேண்டாம்.

பலகையில் இருக்கும் பெயர்களுக்கு வருகிறேன். எம்.எஸ். அல்லது டி.என்.பி. பொது அறுவை சிகிச்சை என்று இருந்தால், அவர் ஹெர்னியா செய்யத் தகுதியுள்ளவர். உங்கள் அப்பாவுக்கு அது போதும். அதன் பக்கத்தில் லேப்ராஸ்கோபி ஃபெலோஷிப் எழுதியிருந்தால், வயிற்றில் சிறு துளை போட்டு, கேமரா விட்டு அதன் வழியாகச் செய்வதில் கூடுதல் பயிற்சி எடுத்திருக்கிறார் என்று அர்த்தம். எம்.சிஎச். குழந்தைகள் அறுவை என்று போட்டிருப்பவர் பிள்ளைகளுக்கானவர். கைக்குழந்தைக்குத் தொடையிடுக்கில் வீக்கம் வந்தால் அவரிடம்தான், அதுவும் தள்ளாமல் போக வேண்டும். பிளாஸ்டிக் சர்ஜன் பெயர் இருந்தால் குழம்பாதீர்கள். பழைய ஆபரேஷன் தழும்பு வழியாக வயிறே பெரிதாகப் பிதுங்கியவர்களுக்கு அவர் கை சில சமயம் தேவைப்படும்.

இந்தப் பட்டங்களைவிட நான் பெரிதாக நினைப்பது ஒரு கேள்வியைத்தான். “டாக்டர், நீங்கள் வாடிக்கையாக எந்த முறையில் செய்கிறீர்கள்? மாதத்தில் எத்தனை?” நேராகவே கேளுங்கள், தப்பில்லை. துளை வழி ஹெர்னியா பழக மெனக்கெட வேண்டும். மூத்தவர் மேற்பார்வையில் ஐம்பது முதல் நூறு வரை செய்த பிறகுதான் கை படியும். தினமும் திறந்த முறையில், அதாவது நீங்கள் சொன்ன கத்தி வைக்கும் முறையில், சுத்தமாகச் செய்யும் ஒருவரை, துளை வழியாகச் செய்யுங்கள் என்று நாம் வற்புறுத்தக் கூடாது. எந்த முறை என்பதைவிட அந்த முறை அவர் கைக்கு எவ்வளவு பழகியது என்பதுதான் உங்கள் அப்பாவுக்கு முக்கியம். ஆபரேஷனை அவரே செய்வாரா, வேறு யாராவது செய்வாரா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு முறைக்கும் உள்ள வித்தியாசம் விவசாயக் குடும்பத்துக்குச் சுலபமாகப் புரியும். வாய்க்கால் கரையில் ஓட்டை விழுந்தால் என்ன செய்வீர்கள்? இருபக்க மண்ணை இழுத்து அப்பினால் அடுத்த வெள்ளத்தில் மறுபடி பிய்ந்துவிடும். அந்தக் காலத்தில் தசையை இழுத்துத் தைத்தார்கள், திரும்பத் திரும்ப வந்தது. இப்போது ஒரு வலையை வைத்து அடைக்கிறோம். திறந்த முறையில் கரையின் வெளிப்பக்கம் வைக்கிறோம். லேப்ராஸ்கோபியில் தண்ணீர்ப் பக்கம் வைக்கிறோம், வயிற்றின் அழுத்தமே வலையைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும், முதல் தடவை என்றால் இரண்டுமே நன்றாக நிற்கும். துளை வழியில் வலி குறைவு, சீக்கிரம் எழுந்து நடமாடலாம். இரண்டு பக்கமும் இருந்தாலோ, முன்பு திறந்து செய்தது திரும்ப வந்திருந்தாலோ லேப்ராஸ்கோபிதான் பொருத்தம். இதயம், நுரையீரல் பலவீனமாக இருந்து முழு மயக்கம் தாங்காது என்றால், அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்துத் திறந்து செய்வதே நல்லது. இதை முடிவு செய்வதில் மயக்க மருந்து டாக்டருக்கும் பங்கு உண்டு. அவரையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

வலையைப் பற்றி ஒரு வார்த்தை. கையில் எடுத்துப் பார்த்தால் நைலான் கொசுவலைத் துண்டு போலத்தான் இருக்கும், ஏறக்குறைய உள்ளங்கை அகலம். “விலை கூடின வலை போடட்டுமா?” என்று கேட்டால் பயந்து தலையாட்டாதீர்கள். உகாண்டாவில் 302 ஆண்களுக்கு, முறையாகக் கிருமி நீக்கிய கொசுவலையையும் கம்பெனி வலையையும் போட்டு ஒப்பிட்டார்கள். 2016-ல் வந்த அந்த ஆய்வில், ஓராண்டு கழித்து இரண்டு தரப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. சாதாரண பாலிப்ரொப்பிலீன் வலை உங்கள் அப்பாவுக்குத் தாராளமாகப் போதும்.

செலவுக்கு யோசித்தால், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அறுவைப் பிரிவு இருக்கிறது. அங்கே டாக்டர்கள் குழுக்களாகப் பிரிந்து, யூனிட் யூனிட்டாகப் பார்ப்பார்கள், ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஓ.பி. நாள் தனி. முதலில் பார்த்த யூனிட்டிலேயே தொடருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உதவலாம். தனியாரில் சேர்வதற்கு முன்பே காப்பீட்டுக் கவுண்டரில் இந்த ஆபரேஷன் வருமா என்று கேட்டுவிடுங்கள்.

சரி, சம்பா அறுப்பு. தொந்தரவு அதிகம் இல்லாத ஆண்களைக் கவனித்துவந்த ஓர் அமெரிக்க ஆய்வு 2006-ல் வந்தது. குடல் மாட்டிக்கொண்டது ஆண்டுக்கு ஆயிரத்தில் இரண்டு பேருக்கும் குறைவு. ஆனால் அவர்களையே தொடர்ந்து பார்த்தபோது, பத்து வருடத்தில் மூன்றில் இரண்டு பேர் வலி தாங்காமல் ஆபரேஷனுக்கு வந்துவிட்டார்கள். ஆக, தை வரை காத்திருக்கலாம், ஒரேயடியாக மறந்துவிடக் கூடாது. பெண்களுக்கு இடுக்கில் வந்தால் இந்தக் கணக்கு செல்லாது, உடனே காட்ட வேண்டும்.

அறுப்பு நேரத்தில் 40 கிலோ சிப்பத்தை அப்பா தூக்க வேண்டாம். பீடி இருந்தால் இப்போதே விடட்டும், அந்த இருமல்தான் ஓட்டையைப் பெரிதாக்கும். முக்கி முக்கிச் சிறுநீர் போகிறாரா, மலச்சிக்கலா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதைச் சரி செய்யாமல் தைத்தால் தையலுக்குத்தான் கஷ்டம். இடுப்பு பெல்ட்டை நம்பி நாளைக் கடத்த வேண்டாம். வீக்கம் கல்லாகி உள்ளே போகவில்லை, வலியோடு வாந்தி, காற்றுப் பிரியவில்லை என்றால் நள்ளிரவானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். வீட்டில் யாரும் அழுத்தித் தள்ளிப் பார்க்கக் கூடாது.

மாசியில் செய்துகொண்டால் அன்றே எழுந்து நடக்கலாம், ஓரிரு வாரத்தில் வயல் வரப்பில் நடமாடலாம். மூட்டை மட்டும் ஆறு வாரத்துக்கு வேண்டாம் என்பேன். ஜூன் 12 மேட்டூரில் தண்ணீர் திறந்தால், குறுவை நாற்றங்காலுக்கு அப்பா தாராளமாக மண்வெட்டி பிடிப்பார். ஆனால் டாக்டரிடம் காட்டுவதற்கு மாசி வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே ஒரு காலையில் கூட்டிப் போங்கள். பேண்ட் வேண்டாம், வேட்டியே கட்டிக்கொண்டு வரட்டும். நின்று இருமிக் காட்ட அதுதான் வசதி.