கேள்வி-பதில்: பெட்டியில் 30 மடங்கு, கையில் 2 மடங்கு

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பொருளைப் பற்றியவை: விளக்கு வைத்த கைப் பூதக்கண்ணாடி. மற்றவற்றை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் பாட்டாவுக்கு 82 வயது. இணையக் கடையில் ‘30 எக்ஸ் (30 மடங்கு), 12 எல்.இ.டி.’ என்று போட்டிருந்த பெரிய பூதக்கண்ணாடியை 749 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தேன். உள்ளங்கை அகலத்துக்கு லென்ஸ் இருக்கிறது, வெளிச்சமும் வருகிறது. ஆனால் எழுத்து பெரிதாகத் தெரியவில்லை. பழைய கண்ணாடியே போதும் என்கிறார். பழுதான பொருளை அனுப்பிவிட்டார்களா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: பொருளில் பழுதில்லை. பெட்டியில் அச்சிட்ட எண் பொய்.

இதைப் பற்றி எழுத எனக்கு நெடுநாள் ஆத்திரம் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஒரு பொருளைக் கண் சிரமமில்லாமல் பார்க்கும் தூரம் 25 செ.மீ. என்று ஒளியியலில் வைத்திருக்கிறார்கள். இந்த 25-ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் (தொலைவிலிருந்து வரும் ஒளியை லென்ஸ் எவ்வளவு தூரத்தில் ஒரு புள்ளியாகக் குவிக்கிறதோ அந்தத் தூரம்) வகுத்தால் அது எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது கிடைத்துவிடும். குவியத் தூரம் 10 செ.மீ. என்றால் இரண்டரை மடங்கு. 30 மடங்கு வேண்டுமென்றால் குவியத் தூரம் 8 மில்லிமீட்டர்தான் இருக்க முடியும். அவ்வளவு குறுகிய தூரத்தில் ஒளியைக் குவிக்கக் கண்ணாடி ஏறக்குறைய உருண்டையாகவே வளைய வேண்டும். அப்படிப்பட்ட ஒற்றை லென்ஸ் கோலிக்குண்டை விடப் பெரிதாக இருக்க வழியே இல்லை. உங்கள் பாட்டாவின் கையில் இருப்பது உள்ளங்கை அகலம். அது 2 மடங்கு பெரிதாக்கும், மிஞ்சிப் போனால் 3. எண் ஏற ஏற லென்ஸ் சிறுக்க வேண்டும். பெரிய லென்ஸும் பெரிய எண்ணும் ஒரே பெட்டியில் இருந்தால் இரண்டில் ஒன்று பொய், லென்ஸ் கண்ணெதிரே இருக்கிறது.

இதைச் சோதிக்க ஒரு ஸ்கேல் போதும். பகலில் ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் அருகே நின்று, லென்ஸைச் சுவருக்கு இணையாகப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். வெளியே தூரத்தில் நிற்கும் தென்னை ஓரிடத்தில் தலைகீழாக, ஓலை ஓலையாகச் சுவரில் விழும். அந்த இடத்தில் லென்ஸுக்கும் சுவருக்கும் உள்ள தூரம்தான் குவியத் தூரம். அதை செ.மீ. கணக்கில் அளந்து, அதனால் 25-ஐ வகுத்துவிடுங்கள். கடை வாசலிலேயே செய்யலாம். கண்ணாடிக் கடைகளில் கிடைக்கும் நல்ல பூதக்கண்ணாடிகளில் டயாப்டர் என்று ஓர் எண் இருக்கும். அதை நான்கால் வகுத்தால் மடங்கு. 12 டயாப்டர் என்றால் 3 மடங்கு.

கன்னியாகுமரியில் கடற்கரைக்குப் போகும் வழியிலுள்ள கடை ஒன்றில் நானும் ‘60 எக்ஸ்’ என்று எழுதிய ஒன்றை என் அப்பாவுக்கு வாங்கினேன். கடையிலேயே விளக்கை எரித்துக் காட்டினார்கள், அந்த வெளிச்சத்தில் மயங்கிவிட்டேன். வீட்டில் அப்பா அதைச் செய்தித்தாளின் வரி விளம்பரங்கள் மேல் பிடித்தார். தூக்கினார், இறக்கினார், வெயிலுக்குக் கொண்டுபோனார். பிறகு என் மனம் நோகக் கூடாதென்று “நல்லா இருக்கு” என்று சொல்லி மடியில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலை பழைய கண்ணாடியோடுதான் உட்கார்ந்திருந்தார். பணம் போனதை மறந்துவிட்டேன். அவர் சொன்ன அந்த ஒரு பொய்யை மறக்கவில்லை. வயதானவர்கள் இப்படித்தான் வாயை மூடிக்கொள்கிறார்கள். அதை நம்பியே இந்த எண்களை அச்சிடுகிறார்கள்.

உங்களுக்குச் சட்டம் துணை இருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி இணையக் கடையின் குறைதீர் அலுவலர் உங்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பெட்டியின் படம், கடையின் விளம்பரப் படம், சுவரில் அளந்த கணக்கு மூன்றையும் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் நாகர்கோவிலிலேயே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் டெல்லியில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது.

கேள்வி: 12 விளக்கு வைத்தது, 3 விளக்கு வைத்தது. எதை வாங்கலாம்?
– வாசகி, திருவட்டாறு

பதில்: விளக்கை எண்ணாதீர்கள். கையோடு ஒரு செய்தித்தாளைக் கொண்டுபோய், கண்ணில் அடிக்காமல் எழுத்தில் விழும் விளக்கு எதுவோ அதை வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் வர்மக்கலை பற்றிய ஓலை ஏடுகள் சில கட்டுகள் இருக்கின்றன. எழுத்து மங்கிவிட்டது. லென்ஸைச் சுற்றி வட்டமாக விளக்கு வைத்த பூதக்கண்ணாடி வாங்கினேன். விளக்கைப் போட்டால் எழுத்து இன்னும் மறைகிறது. இதை விட அதிக வெளிச்சம் உள்ளது எது?
– வாசகர், விளவங்கோடு வட்டம்

பதில்: அதிக வெளிச்சம் வேண்டாம் ஆசானே, இருக்கிற விளக்கையும் அணைத்துவிடுங்கள்.

ஏட்டில் இருப்பது எழுத்தாணியால் கீறிய பள்ளம். அதில் தேய்த்த கரி போய்விட்டால் பள்ளம் மட்டும்தான் மிச்சம். வட்ட விளக்கு எல்லாப் பக்கமும் இருந்து ஒளியைப் பாய்ச்சுவதால் பள்ளத்தில் நிழலே விழாது; நிழல் இல்லாவிட்டால் எழுத்தும் இல்லை. அறையை இருட்டாக்கி, ஒரு சிறு டார்ச்சை ஏட்டின் இடப்பக்கம், ஏட்டோடு படுத்த மாதிரி மிகத் தாழ்வாக வையுங்கள். பள்ளத்தின் ஒரு கரை ஒளிரும், மறு கரை இருளும். நண்பர் ஒருவர் வீட்டில் இப்படிப் பார்த்திருக்கிறேன். வெறும் பழுப்பு ஓலையாகக் கிடந்ததில் முதலில் ‘ழ’கரத்தின் வால் எழுந்தது, டார்ச்சை ஒரு விரல்கடை நகர்த்தியதும் வரி முழுவதும் எழுந்து நின்றது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காத அந்தப் பழைய எழுத்துகளை வாசிப்பது உங்களுக்குத் தெரியும். வெளிச்சத்தின் திசை மட்டும்தான் குறை. அதே நிலையில் செல்பேசியில் படமும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

3 அல்லது 4 மடங்கு போதும். பூதக்கண்ணாடியின் விளிம்பை ஏட்டின் மேல் ஊன்றாதீர்கள், காய்ந்த ஓலை கீறிவிடும். காய்ந்த ஏட்டுக்கு எண்ணெய் பூசுவது பற்றி அக்கம்பக்கத்தில் கேட்காமல் சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: உறவினர்களுக்குக் கொடுக்க மூன்று வாங்கினேன். இரண்டு மாதத்தில் மூன்றிலும் வெளிச்சம் மங்கிவிட்டது. பில் வாங்கவில்லை. அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டேன். கடையின் பெயர் நினைவில்லை. சார்ஜ் செய்யும் பேட்டரிதான் போட்டிருக்கிறோம். பணத்தைத் திரும்பப் பெற என்ன வழி?
– வாசகர், தக்கலை

பதில்: பில் இல்லை, பெட்டி இல்லை, கடையின் பெயரும் இல்லை. யாரிடமிருந்து திரும்பப் பெறுவது? ஒரு வழியும் இல்லை. பில் தராமல் விற்பது சட்டப்படி முறையற்ற வணிகம்தான். ஆனால் நீங்களும் கேட்டு வாங்கவில்லை.

ஆனால் பொருள் கெட்டிருக்காது என்றே நினைக்கிறேன். வெள்ளை எல்.இ.டி. சரியாக எரிய ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். சாதாரண பேட்டரி ஒன்று ஒன்றரை வோல்ட், இரண்டு போட்டால் 3. சார்ஜ் செய்யும் பேட்டரி ஒன்று 1.2 வோல்ட்தான், இரண்டு சேர்ந்தாலும் 2.4. வெளிச்சம் மங்காமல் என்ன செய்யும்? சாதாரண பேட்டரி போட்டுப் பாருங்கள். பூதக்கண்ணாடியைப் பல நாள் எடுக்கப் போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். உலோக உடம்பு வைத்த விலை உயர்ந்த ஒன்றை நான் மழைக்காலம் முழுவதும் அலமாரியில் போட்டுவிட்டு எடுத்தபோது, கசிந்த பேட்டரி ஸ்பிரிங்கைப் பச்சை பிடிக்க வைத்திருந்தது. அதோடு போயிற்று.

கேள்வி: ஜன்னல் ஓரம் வைத்திருந்த பூதக்கண்ணாடியால் மேசை விரிப்பு கருகிவிட்டது. கம்பெனி பொறுப்பாகுமா?
– வாசகர், இரணியல்

பதில்: ஆகாது. வெயிலில் லென்ஸை வைத்தால் எரியும் என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். வீடு தப்பியதே, உறையில் போட்டு இழுப்பறையில் வையுங்கள்.

கேள்வி: நான் தனியாக இருப்பவள், வயது 71. இலவசக் கண் பரிசோதனை என்று நோட்டீஸ் கொடுத்துவிட்டு இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். கண்ணில் புரை இருக்கிறது, இந்த விளக்குக் கண்ணாடியைத் தினமும் அரை மணி நேரம் பார்த்தால் ஆப்பரேஷன் இல்லாமல் கரைந்துவிடும் என்று 3,800 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். நோட்டீஸிலும் அப்படியே போட்டிருக்கிறது. நான்கு மாதமாகப் பார்க்கிறேன். பார்வை இன்னும் குறைகிறது. மகனிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.
– வாசகி, குளச்சல் அருகே

பதில்: அம்மா, வெட்கப்பட வேண்டியவர்கள் அந்த இரண்டு பேர். மகனிடம் இன்றே சொல்லுங்கள்.

முதலில் கண். புரை என்பது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்கிப்போவது. எந்த வெளிச்சமும், எந்தக் கண்ணாடியும், எந்தச் சொட்டு மருந்தும் அதைக் கரைக்காது. அறுவை சிகிச்சை செய்து செயற்கை லென்ஸ் வைப்பது ஒன்றுதான் வழி. அதை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் செய்கிறார்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவுக்கு இந்த வாரமே போங்கள். உங்களுக்கு இருப்பது புரைதானா என்பதே இன்னும் உறுதியில்லை, சொன்னவர்கள் மருத்துவர்கள் அல்ல. பார்வை குறைய கண் நீர் அழுத்தமும் சர்க்கரையும் கூடக் காரணமாகலாம். அவற்றில் இழந்த பார்வை பெரும்பாலும் திரும்பாது. நான்கு மாதம் போனது போதும்.

அடுத்தது அந்த நோட்டீஸ். பத்திரமாக வையுங்கள். புரையைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டிலேயே மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்திருக்கிறது. வாயால் சொல்லி விற்றாலும் அந்தச் சட்டத்தின் கண்ணில் அது விளம்பரம்தான். நோட்டீஸின் நகலோடு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள், 1915-இலும் பதிவு செய்யுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது, உங்களுக்கு நான்கு மாதம்தான் ஆகியிருக்கிறது. புகார் எழுத ஆளில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், நான் எழுதித் தருகிறேன்.

கேள்வி: வடசேரியில் வாங்கிய தங்க வளையலில் ஹால்மார்க் (தூய்மை முத்திரை) இருப்பதாகச் சொன்னார்கள். வீட்டிலுள்ள பூதக்கண்ணாடியில் புள்ளி மாதிரிதான் தெரிகிறது. ஏமாந்துவிட்டேனா?
– வாசகி, பூதப்பாண்டி

பதில்: அவசரப்படாதீர்கள். அதைப் படிக்க 10 மடங்கு லென்ஸ் வேண்டும், நகைக்கடையில் அதை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. வளையலோடு போய்க் கேளுங்கள். பி.ஐ.எஸ். (இந்திய தர நிர்ணய அமைவனம்) முத்திரை, தூய்மை எண், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு மூன்றும் இருக்க வேண்டும். 22 காரட் என்றால் 916. அந்த ஆறு இலக்கத்தை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டால் நகையின் விவரம் வரும். 2023 ஏப்ரல் 1 முதல் இந்தக் குறியீடு இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. அடுத்த முறை பணம் கொடுப்பதற்கு முன் பாருங்கள்.

கேள்வி: தேனீப் பெட்டியில் முட்டை இருக்கிறதா என்று பார்க்க விளக்கு வைத்தது வாங்கலாமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: ரப்பர்த் தோட்டத்தின் நிழலிலும் மேகமூட்டத்திலும் உதவும். மற்ற நேரத்தில் வெயில் முதுகுக்குப் பின்னால் வரும்படி திரும்பி, தோளுக்கு மேல் வரும் ஒளி அறையின் அடிவரை விழும்படி அடையைச் சாய்த்தாலே வெள்ளை முட்டை தெரியும். 3 மடங்கு போதும். லென்ஸ் வழியாக வெயில் அடையில் விழ விடாதீர்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பூதக்கண்ணாடியில் வட்ட பேட்டரி. மூடியைத் திருகாணி இல்லாமல் நகத்தாலேயே திறக்கலாம். ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது.
– வாசகி, அருமனை

பதில்: இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். 20 மி.மீ. அகல லித்தியம் பேட்டரி குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்தில் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேராக மருத்துவமனைக்கு ஓடுங்கள். திருகாணி வைத்த மூடி இல்லாததைக் குழந்தை இருக்கும் வீட்டில் வாங்கவே கூடாது.

கேள்வி: என் கணவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். கை நடுக்கம். விளக்கு வைத்த கண்ணாடி நல்லதுதான், ஆனால் கையில் நிற்பதில்லை. எழுத்து ஆடுகிறது என்று வாசிப்பதையே விட்டுவிட்டார். வேறு எந்தக் கம்பெனி வாங்கலாம்?
– வாசகி, குழித்துறை

பதில்: கம்பெனியை மாற்றிப் பயனில்லை அம்மா, வகையை மாற்றுங்கள். காகிதத்தின் மேலேயே கால் ஊன்றி நிற்கும் பூதக்கண்ணாடி இருக்கிறது, விளக்கோடும் வரும். தூரம் மாறாது, கை நடுங்கினாலும் எழுத்து தெளிவாக நிற்கும். வரி மேல் தள்ளிக்கொண்டே போகலாம். அதைப் பார்க்கும்போது அவர் வாசிப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொள்ள வேண்டும். கையில் பிடிக்கும் வகைக்குத் தூரப் பார்வைக் கண்ணாடியே போதும். இது தெரியாமல் பலரும் ‘மங்கலாக இருக்கிறது’ என்று நல்ல பொருளைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். செய்தித்தாளை மடித்து, பரீட்சை அட்டையில் கிளிப் போட்டு மடியில் வையுங்கள். கடைக்கு அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள், அவர் கையாலேயே ஒரு பத்தி வாசிக்கட்டும்.