கேள்வி–பதில்: தொப்பி போட்ட என்கா பாடகர்

கே: ஜப்பானின் உருக்கமான பாட்டு வகையான என்காவைப் பாடிப் புகழ்பெற்ற கறுப்பின அமெரிக்கர் ஜெரோவை அங்கே எப்படி ஏற்றுக்கொண்டார்கள்?
– வாசகி, திருச்சி

ப: 1981-ல் பிட்ஸ்பர்க்கில் பிறந்த ஜெரோவின் பாட்டி ஜப்பானியர். என்காவைச் சிறுவயதிலேயே காதில் போட்டதும் அவர்தான். 2008 பிப்ரவரியில் வந்த முதல் சிங்கிள் 'உமியூகி', ஜப்பானின் இசை விற்பனைத் தரவரிசையான ஓரிக்கான் பட்டியலில் நான்காம் இடத்தில் நுழைந்தது. ஜப்பானிய மரபு உடையான கிமோனோ கிடையாது, தொப்பி, தொளதொள உடை. முதலில் திரும்பிப் பார்க்க வைத்தது அந்தத் தோற்றம்தான் என்பதை மறுக்க முடியாது. ஆனால் உடை ஒரு பாட்டுக்குத்தான் தாங்கும். நிலைக்க வைத்தது 'கொபுஷி': ஒரே உயிரெழுத்தை நீட்டி, குரலைச் சட்டென மேலும் கீழும் புரட்டும் கமகம். ஒவ்வொரு சுரத்திலும் புரட்டினால் சொல் சிதைந்துவிடும். அடியின் கடைசியில், நீண்ட சுரத்தில் அளவாக விழ வேண்டும். என்காவில் ம, நி இரண்டையும் விட்ட ஐந்து சுர அமைப்பு அதிகம்; அதன் மேஜர் வடிவம் அப்படியே நம் மோகன ராகம்!

அதே ஆண்டு டிசம்பர் 31 அன்று ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் ஆண்டிறுதிப் பாட்டு நிகழ்ச்சி 'கோஹாகு' மேடை. பாட்டிக்கு அவர் கொடுத்திருந்த வாக்கு அது. பாட்டி 2005-லேயே காலமாகிவிட்டதால், அவர் உருவம் பதித்த உடையில் பாடினார். 2018-ல் பாட்டை நிறுத்திவிட்டுக் கணினித் துறைக்குத் திரும்பினார், பட்டமும் அதில்தான்.