அம்மாவின் ஆடியோகிராம்: உடனே காது மெஷின் வாங்கணுமா?

வணக்கம் சகோ. அம்மாவின் ஆடியோகிராமில், அதாவது கேட்கும் திறன் சோதனை அறிக்கையில், இடது காது நார்மல், வலதில் கேட்ட மிகச் சின்னச் சத்தம் ஹெட்போன் வழி 55 டெசிபல், காதுக்குப் பின்னால் எலும்பில் அதிர்வுக் கருவி வைத்துப் பார்த்தது 15 என்று எழுதியிருக்கீங்க. அந்த 40 டெசிபல் இடைவெளிதான் முக்கியம். 15 சரியென்றால் உள்காது நன்றாக இருக்கிறது. சத்தம் அங்கே போய்ச் சேரும் வழியில்தான் கோளாறு. அழுக்கு, செவிப்பறையில் ஓட்டை, நடுக்காதில் நீர், குட்டி எலும்பு இறுகியது என எதுவாகவும் இருக்கலாம். பலவும் சரிசெய்யக்கூடியவை. தயவுசெய்து மெஷினுக்கு இப்பவே பணம் கட்டாதீங்க.

முதலில் ஈஎன்டி டாக்டர் காதுக்குள் பார்க்கட்டும். டிம்பனோமெட்ரியும் எடுங்க, செவிப்பறையும் நடுக்காதும் எப்படி இயங்குகின்றன என்று பார்க்கும் சோதனை அது. காதில் ரப்பர் முனையை வைத்துக் காற்றழுத்தத்தை மாற்றுவார்கள், வலிக்காது.

எலும்புச் சோதனையின்போது இடது காதில் இரைச்சல் கொடுத்தார்களா என்று அம்மாவிடம் அவசியம் கேளுங்க. எலும்பு வழி அதிர்வு இரண்டு காதுக்கும் போகும் என்பதால், இரைச்சல் கொடுக்காவிட்டால் நல்ல காது கேட்டதை வலது காதின் கணக்கில் எழுதியிருக்கலாம். அப்படியென்றால் சோதனையைத் திரும்ப எடுக்கச் சொல்லுங்க.